நெல்லை எழுப்பிய உப்பு

அம்சம் கை வைத்த விதை முளைக்காமல் போனது என்று அந்தத் தெருவில் ஒருவரும் சொல்லிவிட முடியாது. கீழ்வேளூருக்கு மேற்கே, கடைசி வாய்க்காலின் கடைசி மதகைத் தாண்டி இருக்கிற ஊர் அது. தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மீதி இருந்தால் அங்கே வரும். அப்படிப்பட்ட ஊரில் விதையையாவது நம்ப வேண்டாமா? நாற்றங்கால் போடுகிற வாரம் வந்துவிட்டால், "அம்சம், ஒரு எட்டு வந்து கை வச்சிட்டுப் போயேன்" என்று வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள்.

அவள் ஒன்றும் மந்திரம் ஓதுகிறவள் இல்லை. தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலைத் துண்டால் முடிந்துகொள்வாள். விதை ஊறப்போகும் தண்ணீரில் வலது கையை மணிக்கட்டுவரை முக்குவாள். மூன்று கை நெல்லை அள்ளி உள்ளே விட்டு, "பொங்கி வா தாயே" என்பாள். அவ்வளவுதான் சடங்கு. "உன் கையில அப்படி என்னதான் இருக்கு?" என்று யாராவது கேட்டால், "என்ன இருக்கு, சேறுதான் இருக்கு" என்று சிரிப்பாள். உள்ளுக்குள் பெருமை இல்லாமலா இருந்தது? இருந்தது. படியால் அளந்தால் மரக்கால் கணக்கில் வரும்.

அந்தப் புரட்டாசியில் அந்தப் பெருமைக்கு வந்தது வினை.

காலையில் கொல்லைப்புறம் போய், முளைகட்ட வைத்த மூட்டைமேல் பாரமாக இருந்த கல்லைத் தள்ளி, ஈரச் சாக்கையும் வைக்கோலையும் விலக்கினாள். முளைகட்டிய நெல்லுக்கு ஒரு சூடு உண்டு. மூட்டைக்குள் கைவிட்டால் காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தைத் தொட்டமாதிரி கதகதவென்று இருக்கும். அம்சம் முழங்கைவரை விட்டாள். ஜில்லென்றிருந்தது. ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். நெல் பொன் நிறத்தில், கொழுகொழுவென்று, போட்டபடியே கிடந்தது. ஒன்றில்கூட வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கவில்லை.

"இந்தாங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

அவள் வீட்டுக்காரன் மருதையன் வாயில் வேப்பங்குச்சியோடு வந்தான். குனிந்து பார்த்தான். குச்சியைத் துப்பினான்.

"நாளைக்கு வந்துரும் புள்ளே. பனி ஜாஸ்தி."

"புரட்டாசி வெயில்ல பனியா? பொன்னுருகக் காயுது. நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"அப்ப தண்ணி பத்தலை."

"ராத்திரி முச்சூடும் குளத்துல கெடந்த மூட்டைக்குத் தண்ணி பத்தலையா? வாயில குச்சியை வச்சிக்கிட்டே இருங்க, அதுவே தேவலை."

அவளுக்கு ஆத்திரம் அவன்மேல் இல்லை. அந்த நெல்மேலும் இல்லை. அந்த நெல்லைப் போல ஒரு நெல்லை அவர்கள் கண்டதே இல்லையே! சென்னைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்திடமிருந்து ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தை வாங்கி, சொந்தமென்று போட்ட முதல் குறுவை அது. அவள் அம்மாவும் மாமியாரும் அதே வயலில் கூலிக்கு நட்டவர்கள். கதிர் தலை சாய்ந்து நின்றபோது அம்சம் வரப்பில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் எழுந்தாள். அறுப்பு மிஷின் வந்த அன்று, "விதைக்கு இருக்கிற மூலையில மிஷின் எறங்கக் கூடாது, நெல்லு ஒடையும்" என்று மறித்து நின்றாள். அந்த மூலையை அரிவாளால் அறுத்து, கல்லில் அடித்து, தூற்றி, நிழலில் காயப்போட்டாள்.

எப்போதும் குறுவை அறுத்தபின் போடுகிற தாளடிக்குப் போன வருஷத்து விதையைத்தான் போடுவார்கள். இல்லையென்றால் சர்க்கார் விதை டெப்போவில் வாங்குவார்கள். இந்தத் தடவைதான், "நம்ம வயல்லயே தங்கம் வெளைஞ்சிருக்கு, டெப்போவுக்கு எதுக்குப் போவணும்?" என்று களத்து ஈரம் காய்ந்ததும் காயாததுமாக அதையே விதையாக்கினார்கள். ஆசைப்பட்டு அக்கம்பக்கத்தில் மூன்று வீட்டுக்காரர்களும் நெல்லுக்கு நெல் மாற்றி வாங்கிப் போனார்கள். அவர்கள் மூட்டைகளிலும் அம்சம்தான் கை வைத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் மூன்று வீட்டிலிருந்தும் சேதி வந்துவிட்டது. ஒரு வீட்டிலும் முளைப்பு இல்லை.

ஒரே ஒரு ஆறுதல். விதையை இரண்டு பங்காகப் பிரித்துப் பாதியை நனைத்து, பாதியை உலர்வாகக் கட்டி வைப்பது அந்த ஊர் வழக்கம். ஐப்பசி மழையில் நாற்று அழுகிப் போனால் மறுபடி தெளிக்க வேண்டுமே, அதற்கு. அந்தப் பாதி நாலு வீட்டிலும் பத்திரமாக இருந்தது. ஆனால் அதுவும் இதே நெல்தான். அதையும் நனைத்து அதுவும் கல்லாய்க் கிடந்தால்? பொன்னுருகக் காய்கிற மாதம் முடிந்தால் மண்ணுருகப் பெய்யும். அதற்குள் நாற்றைப் பறித்து நட்டு, பயிர் கால் ஊன்றியிருக்க வேண்டும். வாய்க்காலில் முறைத் தண்ணீர் அந்த வாரத்தோடு நிற்கப் போகிறது. உழுது, பரம்படித்துச் சமன்செய்த நாற்றங்கால் சேறு, வாயைப் பிளந்து காத்துக் கிடந்தது.

மறுநாள் ரேஷன் கடையில் கூட்டம். பில் போடுகிற ரோஹிணி, கைரேகை மிஷினை நீட்டினாள். அம்சம் கட்டைவிரலை வைத்தாள். மிஷின் கீச்சென்று கத்தியது.

"தொடைச்சிட்டு வைங்கக்கா."

துடைத்து வைத்தாள். கீச். ஆள்காட்டி விரல். கீச். இது புதிதில்லை. சேற்றிலேயே ஊறி, நாற்றுக் கட்டிலேயே தேய்ந்த விரலில் மிஷினுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மாதாமாதம் இந்தக் கூத்துதான். கடைசியில் கருவிழி பார்க்கிற மிஷினில் கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குவாள்.

ஆனால் அன்றைக்குப் பின்னால் நின்றது சம்பூரணம். விதை வாங்கிய மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரி, அம்சத்தைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் திறந்தால் மடை திறந்த மாதிரி.

"அட, இதுதானா சங்கதி! ரேகையே அழிஞ்சு போயிருக்கே. ரேகை இல்லாத கைக்கு ராசி எங்கேருந்து வரும்? இது தெரியாம எங்க வீட்டு மூட்டையில வேற கையை விடச் சொல்லிட்டா எம் மருமவ."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. அம்சம் கோணிக்குள் அரிசியை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்தாள். வழியில் வாய்க்கால் கரையில் நின்று கையை விரித்துப் பார்த்தாள். வழவழவென்று, ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரிதான் இருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் அரிசியை இறக்கிய கையோடு, நனையாத விதையில் ஒரு பிடியை முந்தானையில் முடிந்துகொண்டு கீழ்வேளூருக்குப் பஸ் ஏறினாள்.

கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கிற ஆமினா அவளோடு எட்டாவதுவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கடை வைத்தது ஆமினாவின் வீட்டுக்காரர் ஃபாஜில். அவருக்கு முதுகுவலி வந்ததிலிருந்து கல்லாவில் ஆமினா உட்கார்ந்தாள். முதுகு சரியாகி வந்தவர், "நீ இருக்கிற அழகுக்கு நான் மூட்டையே தூக்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

"வாடி கைராசிக்காரி! என்ன மூஞ்சி உப்பு மூட்டை நனைஞ்சாப்ல இருக்கு?"

அவ்வளவுதான். அதுவரை முட்டிக்கொண்டிருந்தது கடைக்குள் கொட்டிவிட்டது. ஆமினா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். டீயும், பக்கத்துக் கடையிலிருந்து மாவில் இறாலைப் பதித்துச் சுடச்சுடப் பொரித்த வாடாவும் வரவழைத்தாள்.

"புரட்டாசிடி. நான் தொட மாட்டேன்."

"ஆமா, மறந்துட்டேன். டீயைக் குடி. உன் வாடாவையும் நானே தின்னு தொலைக்கிறேன், என்ன பண்ணறது." கடித்துக்கொண்டே கேட்டாள்: "நெல்லைக் காட்டு."

அம்சம் முடிச்சை அவிழ்த்தாள். ஆமினா ஒரு நெல்லைப் பல்லில் கடித்து உடைத்தாள். இன்னொன்றை நகத்தால் உரித்தாள்.

"அருமையான நெல்லால்ல இருக்கு! எப்ப அறுத்தது?"

"இப்பதான், ஆவணிக் கடைசியில."

"ஆவணிக் கடைசியில அறுத்ததைப் புரட்டாசியில முளைகட்டினியா? ஏன்டி, புள்ளை பெத்த மறுநாளே அதை எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புவியா நீ?"

"என்னடி சொல்றே?"

"நெல்லு தூங்குதுடி. செத்துப் போவலை. சில ரகம் அறுத்த உடனே முளைக்காது. ஒரு மாசமோ ரெண்டு மாசமோ தூங்கிட்டுத்தான் எந்திரிக்கும். கதிரு வயல்ல நிக்கிறப்ப மழை பேஞ்சா அங்கேயே முளைச்சிரக் கூடாதுன்னு அதுக்கு அல்லாஹ் வச்ச பூட்டு அது. நீங்க எப்பவும் போன வருஷத்து விதையைப் போடுவீங்க, அதனால தெரியலை."

அம்சத்துக்கு நெஞ்சில் இருந்த கல் பாதி நகர்ந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

"தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் மழை காத்துக்கிட்டு நிக்குமா? எழுப்ப வழி இருக்கா சொல்லு."

ஆமினா எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். உள்ளே கல்லுப்பைப் பொடித்த மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தது.

"பதிமூணு-சைபர்-நாப்பத்தஞ்சுன்னு சொல்வோம் இதை. பொட்டாசியம் நைட்ரேட். தர்பூசணி போடறவங்க சொட்டுநீர்ல விட வாங்கிட்டுப் போவாங்க. உரக்கடைக்காரங்களுக்குன்னு ஒரு படிப்பு வச்சாங்கல்ல, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் போயி உக்காந்தேனே, அதுல சொல்லிக் குடுத்தாங்க. லிட்டருக்கு அஞ்சு கிராம். ஒரு ராத்திரி ஊறட்டும். அப்புறம் நல்ல தண்ணியில அலசிட்டு எப்பவும் போல முளைகட்டு."

"கூடக் கொஞ்சம் போட்டா சீக்கிரம் எந்திரிக்குமா?"

"எந்திரிக்காது, கருகும். அளவு அளவுதான். இன்னொண்ணு. அடுப்புப் பக்கம் வைக்காதே. வைக்கோல், மண்ணெண்ணெய், கந்தகத்தூள் எது பக்கத்துலயும் வைக்காதே. சமையக்கட்டுல உப்பு ஜாடிக்குப் பக்கத்துல வச்சு, அதைக் குழம்புல அள்ளிப் போட்டு மருதையன் மச்சானைக் கொன்னுறாதே."

"நீ பண்ணிப் பாத்திருக்கியா?"

ஆமினா கொஞ்சம் தயங்கினாள். "படிச்சிருக்கேன். பண்ணினதில்லை. பொய் சொல்ல மாட்டேன் உன்கிட்ட."

அம்சம் நாலு வீட்டு விதைக்கும் அளவாக நாலு பொட்டலம் நிறுத்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் கீரைத்தண்டுப் புளிக்குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. மருதையன்தான் வைத்திருந்தான். மனைவி மனசு சரியில்லை என்றால் அவன் குழம்பு வைப்பான். அதில் காரம் மட்டும் கண்மண் தெரியாமல் இருக்கும். சாப்பிட்டு முடிந்ததும் அம்சம் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, நெல் தூங்குகிற கதையைச் சொன்னாள். மருதையன் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தான். மோந்தான். நாக்கு நுனியில் வைத்துத் துப்பினான்.

"நாக்குல ஜில்லுன்னு ஏறுது. இதை எங்கேயோ தெரியுமே எனக்கு."

அம்சம் வேண்டாம் வேண்டாமென்று சொல்லச் சொல்ல, அடுப்பிலிருந்து ஒரு கனிந்த கரியை இடுக்கியில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். அதன்மேல் அந்தச் சிட்டிகையைத் தூவினான். புஸ்ஸென்று சீறியது. கரி சூரியத்துண்டு போல ஜொலித்தது. அந்தப் பொழுதுசாயும் வெளிச்சத்தில், தணலைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு சுடர் ஓடி அடங்கியது.

"ஆத்தாடி! வெடியுப்புடி இது!"

"என்னது?"

"வெடியுப்பு! எளவட்டத்துல அய்யனாரு கோயில் திருநாளைக்கு வாணக்கார அரசப்பன் கூடக் கரி இடிக்கப் போனேன்ல, அப்ப பாத்தது. இதுவும் கரியும் கந்தகமும் சேந்தாதான் வாணம் மேல போவும். இதைப் போயி நெல்லுல போடச் சொன்னாளா ஆமினா? முளைகட்டவா, இல்லே மூட்டையோட மானத்துக்கு அனுப்பவா?"

"கத்தாதீங்க. தெருவே கேக்கும்."

"கேக்கட்டும்! இருக்கறது அந்தப் பாதி விதைதான். அதையும் வேட்டு வச்சிட்டுத் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காரவா?"

அம்சம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கத்துகிறவனின் கண் என்னவோ அந்தக் கரியைவிட்டு அகலவில்லை. திருவிழாவில் ராட்டினம் பார்க்கிற பிள்ளை மாதிரி நின்றான்.

"அரசப்பன் எங்கேருந்து வாங்குவாரு இதை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவரு காலத்துல கடையில வந்துட்டுது. அவங்க அப்பாரு எடுத்த கதையைச் சொல்லுவாரு. பழைய மாட்டுக் கொட்டாய்ச் செவுத்து அடியில, மூத்திரம் ஊறின மண்ணுல வெள்ளையாப் பூக்கும் பாரு, அதைச் சொரண்டி எடுக்கணுமாம். சாம்பத் தண்ணியோட கலந்து வடிச்சு, கொப்பரையில காச்சி ஆற வச்சா, ஊசி ஊசியா அடியில படியுமாம். அதான் வெடியுப்பு."

"அப்ப மாட்டு மூத்திரமும் சாம்பலும்தானே? அது ரெண்டும் நெல்லுக்கு ஆகாததா?"

மருதையன் இடுக்கியைக் கீழே வைத்தான்.

"இன்னொண்ணும் சொல்லுவாரு அரசப்பன். இந்த உப்பு தானா எரியாது. கிட்டக்க எது எரியுதோ அதுக்கு மூச்சு குடுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை."

"மூச்சு விடாமத் தூங்குறதுக்கும் அதைத்தான் குடுக்கணும்போல இருக்கு," என்றாள் அம்சம்.

அவன் சிரித்துவிட்டான். சிரித்தால் அப்புறம் அவனுக்குச் சண்டை போட வராது. "கை வச்சுடு, பாத்துருவோம்," என்றான்.

"கையெல்லாம் வைக்கலை. உப்பு எழுப்பினா எழுப்பட்டும்."

அவன் ஏனென்று கேட்கவில்லை. ரேஷன் கடைப் பேச்சு அவன் காதுக்கும் வந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் ட்ரம்மில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது செம்மொழி வந்தாள். சம்பூரணத்தின் மருமகள். கல்யாணமாகி வந்து குத்தகைக்கு எடுத்த நிலத்தில் அவளே முன்னின்று செய்கிற முதல் வெள்ளாமை. விதை வாங்கியவர்களிலேயே அம்சத்தின் மனதை அறுத்தது அவள் முகம்தான். இடுப்பில் அவர்கள் வீட்டு மீதி விதை மூட்டை இருந்தது. பின்னாலேயே, "எங்கடி தூக்கிட்டுப் போறே" என்று சம்பூரணமும் வந்து சேர்ந்தாள்.

"பெரியம்மா, உங்களுதோட சேத்து எங்களுதையும் ஊறப் போடுங்க."

அம்சம் பயந்துவிட்டாள். "வேணாம் கண்ணு. எங்களுது முதல்ல முளைக்கட்டும். முளைச்சா உனக்குச் சொல்றேன். இது கடையில வாங்கின உப்பு. ஆமினாவே பண்ணிப் பாத்ததில்லையாம்."

"உங்களுது முளைச்சு எனக்குச் சொல்லி, அப்புறம் நான் ஊறப்போட்டா, முறைத் தண்ணி போயிருமே பெரியம்மா. செத்தா ரெண்டு பேரு விதையும் ஒண்ணாச் சாகட்டும்."

"கேட்டியா கதையை!" என்று சம்பூரணம் முகவாயில் கை வைத்தாள். "வேட்டுக்குப் போடுற உப்பாமே, நேத்து வாசல்ல நின்னு மருதையன் கத்தினது எங்க வீடுவரைக்கும் கேட்டுது. நெல்லு வெடிச்சா பொரியாவும், நாத்தாவுமா?"

"அக்கா, முளைக்கலேன்னா எங்க வீட்டுச் சாப்பாட்டு நெல்லை அளந்து குடுத்துர்றேன். போதுமா?" என்றாள் அம்சம்.

சம்பூரணம் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

ஆமினா தராசில் நிறுத்துக் கட்டிக் கொடுத்திருந்த உப்பை, முதலில் வாளியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து அதில் போட்டாள் அம்சம். குச்சியைத் தேடாமல் வழக்கம்போல் கையாலேயே கலக்கினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ! ஐஸ் தண்ணி மாதிரி இருக்கே!"

உப்பு கரையக் கரைய வாளி குளிர்ந்தது. வெளிப்புறம் முத்துமுத்தாக வேர்த்தது. செம்மொழி தொட்டுப் பார்த்துக் கூவினாள். மருதையன் தொட்டான். கடைசியில் சம்பூரணமும் எழுந்து வந்து, யாரும் பார்க்காத மாதிரி ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். நெருப்பில் போட்டால் சீறுகிற உப்பு தண்ணீரில் போட்டால் இப்படிக் குளிருமா? அம்சத்தின் விரல் வெடிப்பிலெல்லாம் சுரீரென்று ஏறியது. அந்தச் சுரீர் அவளுக்குப் பிடித்திருந்தது. வாளியை ட்ரம்மில் ஊற்றினாள்.

"இப்ப கை வைங்க பெரியம்மா," என்றாள் செம்மொழி.

"கலக்கினேனே, அதான் கை."

"அது கலக்குறது. கை வைங்க. நீங்க கை வைக்காம எங்க விதை தண்ணியில எறங்காது."

அம்சம் சம்பூரணத்தைப் பார்த்தாள். கிழவி வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்சம் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். மணிக்கட்டுவரை முக்கினாள். மூன்று கை நெல் உள்ளே போனது. "பொங்கி வா தாயே," என்றாள். அந்தத் தடவை அதை நிஜமாகவே கெஞ்சித்தான் சொன்னாள்.

காலையில் நெல்லை அலசி, வடியவிட்டு, மூட்டை கட்டி, வைக்கோலும் ஈரச் சாக்கும் மூடிக் கல்லை ஏற்றினார்கள். அப்புறம் காத்திருப்பு. அம்சம் வாசலைப் பெருக்கினாள், மறுபடி பெருக்கினாள். ஆட்டுக்குத் தழை ஒடித்தாள். மூட்டைப் பக்கமே போகவில்லை. மருதையன் போகாதவன் மாதிரி போய்ப் போய் வந்தான். "தொடாதீங்க, சூடு ஓடிப் போயிரும்" என்று அதட்டினால், "ஆடு அந்தப் பக்கம் போச்சு" என்பான். மேற்கே அன்று மேகம் கூடிக் கலைந்தது.

பிரிக்கிற நாள் வந்தது. விடிந்ததும் செம்மொழி வந்துவிட்டாள். கல்லைத் தள்ளி, சாக்கை விலக்கினார்கள். வைக்கோலை எடுக்கும்போதே ஒரு வாசனை வந்தது, பால்சோறு ஆறுகிற வாசனை. அம்சம் கண்ணை மூடிக்கொண்டு மூட்டைக்குள் கையை விட்டாள்.

கதகதவென்று இருந்தது.

கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். விரல் நுனியில் குத்துகிற மாதிரியும் குத்தாத மாதிரியும் என்னவோ நமநமத்தது. அள்ளி எடுத்தாள். உள்ளங்கை முழுக்க வெள்ளை மூக்கு. செம்மொழி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மருதையன் கூரையைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான். "புகை," என்றான். அடுப்பு அன்றைக்கு இன்னும் பற்றவைக்கவே இல்லை.

சேதி கேட்டுச் சம்பூரணம் ஓடி வந்தாள். ஒரு பிடி அள்ளி, எடுத்து எடுத்துப் பார்த்தாள். கிழவிக்கு முகம் பூத்துவிட்டது.

"அம்சம்! உன் கைராசி எங்கேயும் போவலைடி. நான்தான் நாக்குல சனி புடிச்சுப் பேசிட்டேன். கைன்னா இது கை!"

அந்த வார்த்தைக்காகத்தான் அம்சம் நாலு நாளாகத் தவித்தாள். ஆம் என்று தலையை ஆட்டினால் போதும். போன பெயர் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்துவிடும். அவள் கையிலிருந்த முளைநெல்லை மூட்டைக்குள் திரும்ப விட்டாள்.

"இல்லேக்கா. முதல்ல வச்சதும் இதே கைதான், முளைக்கலை. இது உப்பு. வீட்டுக்கு வீடு நான் கை வச்சு ஏமாந்தது போதும். மீதி ரெண்டு வீட்டுக்கும் உப்பு இருக்கு, வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க. அளவு தப்பாமக் கரைக்கணும், அடுப்பாண்டை வைக்கக் கூடாது. புது நெல்லுன்னா எழுப்பித்தான் விதைக்கணும்னு எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்."

சம்பூரணம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மடியில் ஒரு பிடி முளைநெல்லைக் கட்டிக்கொண்டு போனாள்.

முறைத் தண்ணீரை இன்னும் நாலு நாள் நீட்டியிருந்ததால், அன்றைக்குச் சாயங்காலமே மீதி இரண்டு வீட்டிலும் உப்புக் கரைத்தார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அம்சம் பொட்டலத்தை நீட்டினாள். வந்தவர்கள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்கள்.

"அதான் குடுத்தாச்சே?"

"கை வைக்க வரலையா நீ?"

"அட, உப்புதான்னு சொன்னேனே!"

"உப்பு அது பாட்டுக்கு அது வேலையைச் செய்யட்டும். நீ உன் வேலையைச் செய்ய வாயேன். சும்மாதானே இருக்கே."

போனாள். வைத்தாள்.

ஐப்பசி பாதியில் முதல் மழை கொட்டியபோது நாலு வீட்டு வயலிலும் நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்து நின்றது. கயிறு பிடித்து வரிசையாக நட்ட நடவு. செம்மொழியின் வயலில் முதல் நாற்று முடியைப் பிரித்து நட்டதும் அம்சம்தான். மழை விட்ட ஒரு காலையில் அம்சம் ரேஷன் கடைக்குப் போனாள். அதே கூட்டம். அதே மிஷின்.

அம்சம் கட்டைவிரலை வைத்தாள். கீச்.

"தொடைச்சிட்டு வைங்கக்கா," என்றாள் ரோஹிணி.

துடைத்து வைத்தாள். கீச்.

"ரேகையே விழலையே அக்கா. எங்கதான் போச்சு உங்க ரேகையெல்லாம்?"

பின்னால் குடையை ஊன்றிக்கொண்டு நின்ற சம்பூரணம் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"எங்க போச்சா? என்னைக் கேளு, நான் சொல்றேன். பில்லைப் போட்டுட்டு எங்க வயலுக்கு வா. வரிவரியா நட்டு நிக்குது பாரு, அதான் இவ ரேகை. உன் மிஷினைத் தூக்கிட்டு வந்து அங்க வச்சு எடுத்துக்கோ."

கடையே சிரித்தது. ரோஹிணி சிரித்தாள். அம்சமும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கண்ணைத் தொடைக்காதீங்கக்கா," என்றாள் ரோஹிணி, கருவிழி மிஷினை அவள் முகத்துக்கு நேரே தூக்கி. "நல்லாத் தொறங்க. இப்ப அதுதான் வேணும்."